ஊர் பேர் தெரியாத கோப்பு

வெளிமாநிலத்தில் குடியிருக்கும் தமிழர் வீட்டுக் கதவை ஒரு நாள் யாரோ ஒருவர் தட்டுகிறார். "நானும் உங்கள் ஊர்க்காரன்தான்" என்று தமிழில் பேசுகிறார். கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு குளிரத்தான் செய்கிறது. ஆயினும் டில்லியிலோ கொல்கத்தாவிலோ பல்லாண்டு வாழ்ந்தவர்கள் உடனே பாயை விரித்துவிடுவதில்லை. எந்தத் தெரு, யார் வீட்டுப் பிள்ளை, இங்கே அனுப்பி வைத்தவர் யார் என்று மூன்று கேள்விகளாவது கேட்கிறார்கள். வந்தவர் மெய்யாகவே ஊர்க்காரர் ஆயின் இதனால் அவருக்கு மனவருத்தம் உண்டாகாது. கேள்வி கேட்காமலே கதவைச் சாத்தினால்தான் வருத்தம் உண்டாகும்.

நேயர்களே, இன்று நான் பேச வந்திருப்பது மனிதரைப் பற்றியன்று. நம் கணினிக்குள் குடியிருக்கும் கோப்புகளைப் பற்றி. ஆனால் கேட்க வேண்டிய கேள்விகள் ஏறக்குறைய அவையேதாம்.

விண்டோஸ் கணினியில் ஏதோ ஒரு மந்தம் தட்டுகிறது. விசிறி ஓயாது சுழல்கிறது. என்னவென்று பார்க்க, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' என்ற பட்டியல் திறக்கிறது. அதில் இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்களின் பெயர்களைக் காண்கிறோம். நாம் நிறுவியவை நாலைந்து. நாம் கேள்வியே படாதவை நூறு. 'எஸ்விசிஹோஸ்ட்' என்று ஒன்று. அதுவும் ஒன்றாக அல்லாமல் பல பத்தாக நிற்கிறது. 'எல்சாஸ்' என்று ஒன்று, 'சிஎஸ்ஆர்எஸ்எஸ்' என்று ஒன்று. இவை யார் பெற்ற பிள்ளைகள்? நம் கடைக் கணக்கையும், வங்கிக் கடவுச்சொல்லையும், பிள்ளைகளின் சான்றிதழ்ப் படிகளையும் வைத்திருக்கும் வீட்டில் இவற்றுக்கு என்ன வேலை? இவ்வாறு ஐயுறுவது இயல்பே. ஆனால் ஐயம் வந்தவுடன் செய்யும் காரியந்தான் பெரும்பாலும் கேட்டை விளைவிக்கிறது.

2001ஆம் ஆண்டில் உலகெங்கும் ஒரு மின்னஞ்சல் பரவிற்று. 'சல்ஃப்என்பிகே' என்ற பெயருள்ள கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அது நச்சுநிரல், உடனே அழித்துவிடுங்கள், நண்பர்களுக்கும் தெரிவியுங்கள் என்று அது கூறிற்று. மக்கள் தேடினர்; கோப்பும் இருந்தது; அழித்தனர். உண்மை என்னவெனில், அது விண்டோஸ் 98-உடன் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அனுப்பிய கோப்பு. நீண்ட கோப்புப் பெயர்களைக் காத்து மீட்டுத் தருவதே அதன் பணி. மறு ஆண்டே இன்னொரு கடிதம் வந்தது. இம்முறை குற்றஞ்சாட்டப்பட்டது 'ஜேடிபிஜிஎம்ஜிஆர்' என்ற கோப்பு. அதற்கு ஒரு கரடிப் பொம்மையின் படம் குறியீடாக வாய்த்திருந்தது. அலுவலகக் காரியத்துக்குரிய கோப்புக்குக் கரடிப் பொம்மை ஏன் என்று எவருக்கும் சந்தேகம் வரும் அல்லவா? அந்தச் சந்தேகத்தையே கடிதம் எழுதியவர் பயன்படுத்திக்கொண்டார். அதுவும் ஜாவா மொழியில் நிரல் எழுதுவோருக்கு உதவும் மெய்யான கோப்பே. இங்கே எந்த நச்சுநிரலும் எவர் கணினியிலும் நுழையவில்லை. நல்லெண்ணமுடைய நண்பர்களின் கைகளே அந்த வேலையைச் செய்து முடித்தன.

பாமரர்தாம் இப்படி ஏமாந்தனர் என்று கருத வேண்டா. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், மெக்காஃபி என்ற புகழ்பெற்ற பாதுகாப்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு அன்றாடம் அனுப்பும் திருத்தப் பட்டியலில் ஒரு பிழை நேர்ந்தது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் இருந்த மெய்யான எஸ்விசிஹோஸ்ட் கோப்பையே அது நச்சுநிரல் என்று தீர்மானித்துச் சிறையிலிட்டது. அக்கோப்பு இல்லாமல் கணினி நிலைகொள்ளாது. அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கணினிகள் அணைவதும் எழுவதுமாகத் தவித்தன. காவற்காரனே வீட்டுத் தலைவனைப் பிடித்துக் கட்டிய கதைதான்.

ஆகவே நான் முதலில் சொல்ல விரும்புவது ஒன்றே: பெயரைக் கண்டு அஞ்சி எதையும் அழிக்காதீர்கள். விண்டோஸின் கோப்புப் பெயர்கள் நம் காதுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். அவற்றை வைத்தவர்கள் நம் வசதியை எண்ணி வைக்கவில்லை. ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். 64 பிட் விண்டோஸில் 64 பிட் நிரல்கள் இருக்கும் கோப்புறைக்குப் பெயர் 'சிஸ்டம்32'. பழைய 32 பிட் நிரல்களுக்கான கோப்புறையின் பெயரோ 'சிஸ்வாவ்64'. பழைய நிரல்கள் திகைத்து நிற்கக் கூடாது என்பதற்காகப் பழைய பெயரையே காத்துவந்ததில் நேர்ந்த முரண் இது. பெயரை வைத்துக் குணத்தை மதிப்பிட முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா?

இனி, கேள்விகளுக்கு வருவோம். முதற்கேள்வி, எந்தத் தெரு என்பது. டாஸ்க் மேனேஜரில் ஐயத்துக்குரிய பெயரின்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் 'ஓப்பன் ஃபைல் லொகேஷன்' என்ற வரி தோன்றும். அதைத் தேர்ந்தால் அந்தக் கோப்பு குடியிருக்கும் இடமே திறக்கும். மெய்யான எஸ்விசிஹோஸ்ட், சி டிரைவில் விண்டோஸ் என்ற கோப்புறைக்குள் சிஸ்டம்32 என்ற கோப்புறையில் இருக்கும். 32 பிட் படியொன்று சிஸ்வாவ்64-இலும் உண்டு. எல்சாஸ், சிஎஸ்ஆர்எஸ்எஸ், வின்லாகான் ஆகியனவும் சிஸ்டம்32-இல் வாழ்பவையே. எக்ஸ்புளோரர் மாத்திரம் ஒரு படி வெளியே, விண்டோஸ் கோப்புறையிலேயே இருக்கும். இப்பெயர்களில் ஒன்று உங்கள் பெயரால் அமைந்த கோப்புறைக்குள் 'ஆப்டேட்டா' என்ற மறைவிடத்திலோ, 'டெம்ப்' என்ற தற்காலிகக் கோப்புறையிலோ இருக்கக் கண்டால், அது பெயரைத் திருடிக்கொண்டு வந்தது என்று பெரும்பாலும் முடிவு செய்துவிடலாம். திருட்டு நிரல்கள் அவ்விடங்களை நாடுவதற்குக் காரணம் உண்டு. சிஸ்டம்32-இல் எழுத வேண்டுமாயின் நிர்வாகியின் அனுமதி தேவை. ஆப்டேட்டாவில் எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை.

தெருவை விசாரிக்கும்போதே பெயரின் எழுத்துகளையும் கூர்ந்து நோக்க வேண்டும். எஸ்விசிஹோஸ்ட் என்பதில் வி, சி என்ற இரண்டு எழுத்துகளை இடம் மாற்றி எழுதுவார்கள்; 'ஓ' என்ற எழுத்துக்குப் பதிலாகச் சுழியத்தை இடுவார்கள். எல்சாஸ் என்பதன் தொடக்கத்தில் சிறிய 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் பெரிய 'ஐ' எழுத்தை இட்டால், திரையில் இரண்டும் ஒரே கோடாகவே தெரியும். கண்ணாடி அணிந்து பார்த்தாலும் வேறுபாடு தெரியாது! இதோடு, விண்டோஸ் தானாகவே கோப்பின் பின்னொட்டை மறைத்து வைக்கும் வழக்கம் உடையது. 'பில், புள்ளி, பிடிஎஃப், புள்ளி, இஎக்ஸ்இ' என்று முடியும் கோப்பு உங்களுக்கு 'பில் புள்ளி பிடிஎஃப்' என்றே காட்சி தரும். 2000ஆம் ஆண்டு மே மாதம் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து கிளம்பிய 'ஐ லவ் யூ' என்ற புழு இந்த மறைப்பையே நம்பிக் காதற் கடிதம்போல் நடித்து உலகெங்கும் பரவிற்று. கால் நூற்றாண்டு கடந்தும் இந்த மறைப்பைக் கணினியின் இயல்பாகவே விட்டு வைத்திருப்பது எனக்கு வியப்பாகவே இருக்கிறது. கோப்புறைச் சாளரத்தின் 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதைத் தேர்ந்துவிட்டால் மறைப்பு விலகும். இன்றே செய்துவிடலாம்.

இரண்டாவது கேள்வி, யார் வீட்டுப் பிள்ளை என்பது. கோப்பின்மேல் வலப் பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் திறந்தால் 'டீடெய்ல்ஸ்' என்ற ஒரு பக்கம் காணப்படும். அதில் மைக்ரோசாஃப்ட் கார்ப்பரேஷன் என்று எழுதியிருப்பதைக் கண்டு பலர் மன நிறைவு அடைகிறார்கள். அது வெறும் எழுத்து. நிரலை ஆக்கியவர் எதை எழுத விரும்பினாலும் எழுதிக்கொள்ளலாம். முகவரிச் சீட்டில் தன்னை மாவட்ட ஆட்சியர் என்று அச்சிட்டுக்கொள்வதற்கு அச்சகத்தார் யாரும் தடை சொல்வதில்லை. சான்றாக நிற்கக்கூடியது 'டிஜிட்டல் சிக்னேச்சர்' எனப்படும் மின்கையொப்பமே. கோப்பின் ஒவ்வோர் எழுத்தையும் கணக்கிட்டு, இரகசியத் திறவுகோல் ஒன்றினால் முத்திரை வைப்பது போன்றது இது. முத்திரை வைத்த பின் கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கையொப்பம் பொய்த்துப்போகும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. இதனை அறியாமல் பலர் வீணே கலங்குகிறார்கள். விண்டோஸின் சொந்தக் கோப்புகள் பலவற்றில் இந்தக் கையொப்பப் பக்கமே காணப்படாது. நோட்பேட் நிரலைத் திறந்து பாருங்கள், இராது. அதனால் அது போலி ஆகிவிடாது. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் கோப்பு ஒவ்வொன்றிலும் தனித்தனியே ஒப்பமிடாமல், பல கோப்புகளின் அடையாளங்களை ஓர் அட்டவணையில் எழுதி, அந்த அட்டவணையின் அடியில் ஒப்பமிடும் முறையையும் கையாளுகிறது. சம்பளப் பட்டியலில் ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே கையொப்பமிடாமல் கடைசியில் அதிகாரி ஒரே ஒப்பம் இடுவது போல. இந்த அட்டவணையையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வதற்குச் 'சிக்செக்' என்ற சிறு கருவி இருக்கிறது. மார்க் ருசினோவிச் முதலிய இருவர் 1996இல் தொடங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் என்ற தொகுப்பைச் சேர்ந்தது அது. 2006இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனமே அத்தொகுப்பை வாங்கிக்கொண்டு இலவசமாக வழங்கி வருகிறது.

சிஸ்டம்32-இல் இருக்கும் கோப்பு மைக்ரோசாஃப்டின் ஒப்பம் பெறாமலும் இருக்கலாம். ஒலிக்கருவிக்கு ரியல்டெக், திரைக்கு இன்டெல், அச்சுப்பொறிக்கு அதனைச் செய்த நிறுவனம் என்று வேறு பலருடைய பிள்ளைகளும் அதே தெருவில் குடியிருப்பதுண்டு. உங்கள் கணினியில் அந்தக் கருவி உண்மையாகவே இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் போதும்.

கையொப்பம் செம்மையாக இருந்தால் ஐயமே இல்லை என்று சொல்லிவிடலாமா? 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற நச்சுநிரல் தைவான் நாட்டு நிறுவனங்கள் இரண்டின் மெய்யான ஒப்பங்களோடு வந்தது. அவற்றின் திறவுகோல்கள் திருடப்பட்டிருந்தன. அது ஈரான் நாட்டின் அணுசக்தி நிலையத்தைக் குறிவைத்த காரியம். நம் கடைக் கணக்கைத் தேடி அத்தகைய ஆயுதம் வருவது அரிது. எனினும் கையொப்பத்தை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், பலத்த சான்றுகளுள் ஒன்றாகக் கொள்வதே அறிவுடைமை.

மூன்றாவது கேள்வி, அனுப்பி வைத்தவர் யார் என்பது. விண்டோஸில் ஒரு நிரலை வேறொரு நிரல் எழுப்பி விடுகிறது. மெய்யான எஸ்விசிஹோஸ்டை எழுப்புவது 'சர்வீசஸ்' என்ற நிரல். இந்த வமிசாவளியை மரம்போல் வரைந்து காட்டும் 'ப்ராசஸ் எக்ஸ்புளோரர்' என்ற கருவியும் மேற்சொன்ன தொகுப்பில் உண்டு. எஸ்விசிஹோஸ்ட் என்ற பெயருடன் ஒன்று, அந்தக் கிளையில் தொங்காமல், மின்னஞ்சலில் வந்த ஏதோ ஓர் ஆவணத்தின் கிளையில் தொங்குமானால் அதன் யோக்கியதை வெளிப்பட்டுவிடும். எண்ணிக்கையைக் கண்டு மருள வேண்டியதில்லை. முன்பு பல சேவைகளை ஓர் எஸ்விசிஹோஸ்டுக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். ஒன்று விழுந்தால் மற்றவையும் விழுந்தன. 2017இல் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு ஒன்றிலிருந்து, நினைவகம் 3.5 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட கணினிகளில் சேவைகளைப் பெரும்பாலும் தனித்தனியே பிரித்துவிட்டார்கள். கூட்டுக் குடும்பம் பிரிந்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் நீண்டதற்கு அதுவே காரணம்.

இம்மூன்றிலும் தெளிவு பிறக்காவிட்டால் அயலாரைக் கேட்கலாம். ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகை போன்ற ஓர் எண்ணைக் கணக்கிட முடியும். எஸ்எச்ஏ-256 என்ற முறையில் அது 64 எழுத்துகள் கொண்டது. விண்டோஸில் உள்ள 'சர்ட்யூடில்' என்ற ஏவல் இதைக் கணக்கிட்டுத் தரும். அந்த எண்ணை 'வைரஸ்டோட்டல்' என்ற தளத்தில் இட்டுத் தேடினால், எழுபதுக்கு அணுக்கமான பாதுகாப்பு நிரல்கள் அந்தக் கோப்பைப் பற்றி என்ன கருதுகின்றன என்று தெரியும். 2004இல் ஸ்பெயின் நாட்டில் தோன்றி, 2012இல் கூகுள் நிறுவனத்தின் வசமான தளம் இது. கோப்பையே அங்கு ஏற்றவும் செய்யலாம். ஆனால் ஏற்றிய கோப்பைப் பிறரும் பெற்று ஆராய முடியும். ஆகையால் ஆதார் படியையோ வாடகை ஒப்பந்தத்தையோ அங்கே ஏற்றிவிடாதீர்கள். எண்ணைத் தேடுவதோடு நிற்பதே மேல்.

கிடைக்கும் விடையைப் படிப்பதிலும் பக்குவம் வேண்டும். எழுபது பேரில் பெயர் கேட்டறியாத ஒருவரோ இருவரோ குற்றம் சொன்னால், அது பெரும்பாலும் அவர்களுடைய தவறான ஐயமே. முப்பது நாற்பது பேர் ஒரே குரலில் சொன்னால் மேற்கொண்டு விசாரணை எதற்கு? விநோதமான விடை மற்றொன்று உண்டு: இப்படி ஒரு கோப்பை இதுவரை கண்டதே இல்லை என்பது. நீங்களே எழுதிய நிரலானால் அது சரிதான். ஆனால் விண்டோஸின் அங்கம் என்று சொல்லிக்கொள்ளும் கோப்பு கோடிக்கணக்கான கணினிகளில் இருந்தாக வேண்டும் அல்லவா? அதை உலகில் ஒருவரும் கண்டதில்லை என்றால், அந்த அமைதியே அதற்கு எதிரான சாட்சியம்.

விண்டோஸ் கோப்புகளில் ஏதேனும் சிதைந்துள்ளதா என்று அறிய ஓர் ஏவல் உள்ளது. நிர்வாகி உரிமையோடு ஏவல் சாளரத்தைத் திறந்து எஸ், எஃப், சி என்ற மூன்றெழுத்தும், ஓர் இடைவெளியும், ஒரு சாய்கோடும், 'ஸ்கேன்நவ்' என்ற ஒற்றைச் சொல்லும் எழுதி அனுப்பினால், காக்கப்படும் கோப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துச் சிதைந்ததற்கு நல்ல படியை வைக்கும். இது குடும்ப அட்டையில் உள்ளவர்கள் நலமா என்றுதான் பார்க்கும். அட்டையில் இல்லாத அந்நியர் திண்ணையில் படுத்திருப்பதைப் பார்க்காது. ஆதலால் இந்தச் சோதனை தேறியது என்பதனால் வீட்டில் திருடன் இல்லை என்று பொருளாகாது. அந்நியரைத் தேட, விண்டோஸுடனேயே வரும் டிஃபெண்டரின் 'ஆஃப்லைன் ஸ்கேன்' நல்ல வழி. கணினியை மறுபடி தொடக்கி, நச்சுநிரல் விழித்தெழுவதற்கு முன்பே அது தேடுகிறது. ஏறத்தாழ கால் மணி நேரம் பிடிக்கும்.

வெளிமாநிலங்களில் இருக்கும் நம்மவர்க்குத் தனியே ஒரு சொல் உண்டு. டில்லி நேரு பிளேஸ், மும்பை லேமிங்டன் ரோடு, பெங்களூரு எஸ்.பி. ரோடு முதலிய சந்தைகளில் ஒருமுறை உழைத்த கணினிகளை மலிவாக வாங்கித் தொழில் தொடங்கியோர் நம்மில் பலர். அதில் குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் அவற்றில் சில, உரிமம் வாங்காத விண்டோஸை உரிமம் பெற்றதுபோல் நடிக்கச் செய்யும் நிரல்களோடு வருகின்றன. அவை சிஸ்டம் கோப்புகளின் அருகிலேயே தம் கோப்புகளை வைத்துவிட்டு, டிஃபெண்டரிடம் 'இந்த இடத்தைப் பார்க்காதே' என்றும் சொல்லி வைக்கின்றன. விண்டோஸ் செக்யூரிட்டி என்ற பகுதியில் 'எக்ஸ்குளூஷன்ஸ்' என்று தலைப்பிட்ட பட்டியலைத் திறந்து பாருங்கள். நீங்கள் சேர்க்காத பெயர் அங்கே இருந்தால், அதுவே முதல் துப்பு. விலக்கை நீக்கிவிட்டுச் சோதனை நடத்துங்கள்.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். தொலைபேசியில் அழைத்து, மைக்ரோசாஃப்டிலிருந்து பேசுவதாகச் சொல்லி, உங்கள் கணினியில் கேடான கோப்பு இருக்கிறது என்பார்கள். நம்பாவிட்டால் 'அசாக்' என்ற ஏவலை எழுதச் சொல்லி, திரையின் கடைசியில் தோன்றும் 888 என்று தொடங்கும் நீண்ட எண்ணைத் தாமே ஒப்பிப்பார்கள். உங்கள் கணினியின் தனி எண் எங்களிடம் இருப்பதைப் பார்த்தீர்களா என்பார்கள். அந்த எண் விண்டோஸ் கணினிகள் எல்லாவற்றிலும் ஒன்றேதான்! கேட்பவர் கணக்கரோ, பயணச்சீட்டு முகவரோ, அன்று மாலைக்குள் வேலையை முடித்தாக வேண்டிய அவசரத்தில் இருப்பவரோ என்றால், அந்த எண் ஒப்பிக்கப்பட்ட கணத்திலேயே கணினியின் ஆட்சியை அவர்களிடம் ஒப்படைத்துவிடுவார். பின்னர் போவது கோப்பு அன்று. வங்கியில் இருக்கும் ஆண்டுச் சேமிப்பு.

அப்படியானால் ஒரு கோப்பை அழியுங்கள் என்று யார் சொன்னாலும் கேட்கவே கூடாதா? 2024 ஜூலை 19ஆம் நாளை நினைவுகூருங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பழுதுபட்ட கோப்பொன்றினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய அனுமதிச் சீட்டுகள் தரப்பட்டன. அன்று பரிகாரம், சிஸ்டம்32-க்குள் 'டிரைவர்ஸ்' என்ற கோப்புறையில் இருந்த அந்த ஒரு கோப்பை அழிப்பதுதான். ஆனால் அதை அந்த நிறுவனமே, தன் சொந்தத் தளத்தில், கோப்பின் பெயரையும் இடத்தையும் குறிப்பிட்டு அறிவித்தது. அதே வாரத்தில் உதவி செய்வதாகப் போலித் தளங்களும் போலித் திருத்தக் கோப்புகளும் புறப்பட்டன. சொல்பவர் நம்மைத் தேடி வந்தாரா, நாம் அவருடைய இடத்துக்குப் போய்க் கேட்டோமா என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது.

எல்லாம் விசாரித்து, கோப்பு கேடானது என்றே முடிவாகிவிட்டால், கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். கடவுச்சொற்களை அதே கணினியில் உட்கார்ந்து மாற்றாமல், வேறு கணினியிலோ கைபேசியிலோ மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் அப்பொழுதே தெரிவிக்க வேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும். நச்சுநிரல்களை நீக்கும் இலவசக் கருவிகளை, மத்திய அரசு 2017இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் தளத்தில் பெறலாம். கோப்பை நீக்குமுன் அதன் பெயர், இருந்த இடம், அந்த 64 எழுத்துக் கைரேகை ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்க வருபவரும் காவல்துறையினரும் முதலில் கேட்கப்போவது அவற்றையே.